உலாவி எதுவாயினும்

பணம் அனுப்பும் படிவத்தில் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைத் தவறாகத் தட்டச்சு செய்தால் உடனே சிவப்பு நிறத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றுவதை வாடிக்கையாளர்கள் பார்த்திருப்பீர்கள். அக்குறியீட்டில் 11 இடங்கள் உண்டு. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது பூஜ்யம், எஞ்சிய ஆறும் கிளையைக் குறிப்பன. இந்த முதற்கட்டச் சரிபார்ப்பு பெரும்பாலும் வங்கியின் கணினியில் நடைபெறுவதில்லை. பக்கத்தோடு சேர்ந்து உங்கள் உலாவிக்குள் வந்திறங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே அதைச் செய்கிறது.

அம்மொழியின் முதல் வடிவத்தை 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் உருவாக்கினார். மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஜேஸ்கிரிப்ட் என்னும் சொந்த வடிவத்தைச் சேர்த்தது. 1997இல் பொதுத் தரநிலை வெளிவந்தபோதும், பக்கத்தின் உறுப்புகளைக் கையாளும் முறையில் இரு உலாவிகளும் இரு வழியே சென்றன. தமிழ் வாசகர்களுக்கு இத்தொல்லை பழகியதே. ஒருங்குறி பரவும் முன்னர், ஓர் உலாவியில் தமிழாகத் தெரிந்த பக்கம் மற்றொன்றில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது.

2022 ஜூன் 15 அன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஓய்வு பெற்றது. ஆயினும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகியவற்றுக்கிடையே இன்றும் சிறு வேறுபாடுகள் உள்ளன. பழைய கைப்பேசியின் உலாவிக்குப் புதிய கட்டளைகள் புரிவதில்லை. எனவே நல்ல நிரல் உலாவியின் பெயரைக் கேட்பதில்லை, "இந்த வசதி உன்னிடம் உண்டா?" என்றே கேட்கிறது. இல்லையெனில் எளிய வழிக்குத் திரும்புகிறது. பெயரை நம்புவதிலும் பயனில்லை. குரோம் தன்னை அறிவிக்கும் வரியின் தொடக்கத்தில் இன்றும் 'மொசில்லா' என்றே இருக்கிறது!

இவ்வேறுபாடுகளின் சுமை பார்வை மாற்றுத்திறனாளிகள்மீதே மிகுதியாக விழுகிறது. ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கப்பட்ட என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் பக்கத்தை அவர்களுக்கு ஒலியாகப் படித்துக் காட்டுகின்றன. சிவப்பு நிறத்தை எவ்வாறு படிப்பது? பிழைச்செய்தி தோன்றியதும் அதை உரக்க அறிவிக்குமாறு நிரலில் குறித்திருந்தால்தான் அது செவிக்கு எட்டும். சுட்டியால் மட்டும் இயங்கும் பொத்தான், விசைப்பலகையையே நம்பியிருப்பவருக்குப் பூட்டிய கதவு. உலக அணுகல்தன்மை நெறிமுறைகள் நேரக்கெடுவையும் விட்டுவைக்கவில்லை: நேரம் முடியுமுன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் அதை நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடிகள் தருவது அவை ஏற்கும் வழிகளுள் ஒன்று.

இவை தவறும்போது இழப்பது வசதியை மட்டுமன்று. தன்னால் முடிக்க இயலாத பரிவர்த்தனைக்காக ஒருவர் தம் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல நேர்கிறது. எவரிடமும் பகிராதீர் என நாம் ஓயாமல் சொல்வது அவரளவில் பொருளற்றுப் போகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே எனத் தீர்ப்பளித்தது. இணையவழி கேஒய்சியில் கண் சிமிட்டுமாறு கேட்கப்பட்டு, அதைச் செய்ய இயலாதவர்கள் தொடுத்த வழக்கு அது.

உலாவியில் நடக்கும் சரிபார்ப்பு உதவிக்கு மட்டுமே. அதை எவரும் மாற்றிவிட முடியும் என்பதால் வங்கியின் சேவையகம் அனைத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். வாடிக்கையாளர் செய்ய வேண்டியது, உலாவியை அதன் அமைப்புகள் பகுதியிலிருந்தே புதுப்பித்துக்கொள்வது. "உங்கள் உலாவி பழையது, இங்கே பதிவிறக்குங்கள்" என ஏதோ ஒரு பக்கம் அழைத்தால் தொடாதீர்கள். மோசடிக்காரர்கள் விரிக்கும் வலைகளுள் அதுவும் ஒன்று. நம் தளத்தில் ஏதேனும் பக்கம் இயங்க மறுத்தால், உலாவியின் பெயர், பதிப்பு எண், எந்தக் கட்டத்தில் நின்றது, திரைவாசிப்பான் பயன்படுத்துகிறீர்களா என்பவற்றைக் கிளையிலோ வாடிக்கையாளர் சேவை மையத்திலோ தெரிவியுங்கள். கடவுச்சொல்லை மட்டும் சொல்ல வேண்டாம்.