காவிரிக் கரையில் மின்னணுக் கல்வி

பட்டப்படிப்பு ஒன்றே வித்தை என்னும் மனோபாவம் வேரூன்றிவிட்ட காலத்தில், கைத்தொழிலையும் சாஸ்திர அறிவையும் ஒருங்கே போதிக்கும் சமுதாயக் கல்லூரி என்னும் ஏற்பாடு, அமெரிக்காவின் ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டு உதயமாகி, நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் 1995-இல் கால்கொண்டது. மயிலாடுதுறை வாசிகளுக்கோ, அதே நோக்கத்தை ஒட்டிய டிப்ளமோ கல்வி, மன்னம்பந்தல் ஏ.வி.சி. பாலிடெக்னிக்கில் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

மின்னணுவியல் பயிலும் மாணவர் முதலில் கற்பது நிறங்களின் பாஷையை. நெல்மணியளவே உள்ள மின்தடையின் மேல் பழுப்பு, கறுப்பு, சிவப்பு என வளையங்கள் வரிசையாக இருப்பின், அது 1000 ஓம் என்று பார்த்தமாத்திரத்தில் சொல்ல வேண்டும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த பற்றாசு 183 டிகிரி செல்சியஸில் உருகும் என்பதைப் புத்தகம் சொல்லும். சூடு மிஞ்சினால் பாகம் கருகும், குறைந்தால் இணைப்பு நிலைக்காது என்பதையோ, சால்டரிங் அயர்னைப் பிடித்த கைதான் உணர்த்த வேண்டும்.

குறுவைக்கு நீரிறைக்கும் மோட்டாரில், மும்முனை மின்சாரத்தின் ஒரு முனை அறுந்துபோனால், சுருள் எரியாவண்ணம் தடுப்பதும் ஒரு சிறிய மின்னணுப் பலகையே. அதைப் பழுதுபார்க்க வல்லவர் உள்ளூரிலேயே இருப்பது விவசாயிக்குப் பெரும் சகாயம். ஆகவே, பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகளின் பெற்றோர், இக்கல்வியை இரண்டாந்தரம் என்று ஒதுக்காமல், ஒருமுறை அதன் பட்டறையை நேரில் கண்டபின் முடிவு செய்வார்களாக.