தோற்பதற்கு வருகிறவர்களின் விலை

1916 அக்டோபர் 7. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா டெக் அணியும் கம்பர்லாண்ட் அணியும் ஃபுட்பால் ஆடின. முடிவு 222–0. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இன்றுவரை இதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. இத்தனைக்கும் கம்பர்லாண்ட் கல்லூரி தன் ஃபுட்பால் அணியை அதற்கு முன்பே கலைத்துவிட்டிருந்தது. அணியே இல்லாத கல்லூரி ஏன் ஆட வந்தது? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது, அதனால்தான். வந்து ஆடினால் 500 டாலர். வராவிட்டால் 3,000 டாலர் அபராதம். ஜார்ஜியா டெக்கின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன் பிடித்த பிடியை விடுகிற ஆள் அல்ல. கிடைத்த மாணவர்களைத் திரட்டிக்கொண்டு வந்து, அடி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது கம்பர்லாண்ட்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வந்தால் இவ்வளவு, வராவிட்டால் இவ்வளவு என்ற அந்த இரண்டு வரிகள்தாம் இன்றைக்கும் இந்த ஆட்டத்தின் அட்டவணையைத் தீர்மானிக்கின்றன. தொகையில் மட்டும் சைபர்கள் கூடியிருக்கின்றன.

ஃபுட்பால் என்றதும் நம்மூர்க் கால்பந்தை நினைத்துவிடக் கூடாது. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, எதிரே வருகிறவனை மோதித் தள்ளி முன்னேறும் அமெரிக்க ஆட்டம். அங்கே பல்கலைக்கழக அணிகள் ஆடுவதைப் பார்க்கவே ஒரு லட்சம் பேர் மைதானத்துக்கு வருகிறார்கள்.

விதித்தது ஒன்பது, தேடிக்கொள்வது மூன்று

பல்கலைக்கழகங்கள் கூடி அமைத்துக்கொண்ட கூட்டமைப்புக்கு ‘கான்ஃபரன்ஸ்’ என்று பெயர். பிக் டென், எஸ்.இ.சி., ஏ.சி.சி., பிக் 12 ஆகியவை பெரியவை. பெயரில் ‘பத்து’ இருந்தாலும் பிக் டென்னில் இப்போது 18 பல்கலைக்கழகங்கள். பெயரைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு பருவத்தில் ஓர் அணிக்கு 12 ஆட்டங்கள். அவற்றில் எட்டு அல்லது ஒன்பதை யாருடன், எங்கே, எப்போது ஆடுவது என்று கான்ஃபரன்ஸ் அலுவலகமே சொல்லிவிடும். மறுபேச்சு கிடையாது. மிச்சமிருக்கும் மூன்று நான்கு ஆட்டங்களுக்குத்தான் பல்கலைக்கழகம் தானே எதிரியைத் தேட வேண்டும். தேடுவது பயிற்சியாளர் மட்டுமல்ல. பேரம் பேசிக் கையெழுத்திடுவது விளையாட்டுத் துறை இயக்குநரின் வேலை. தொலைக்காட்சி நிறுவனங்களும் நடுவில் நின்று தரகு வேலை பார்ப்பதுண்டு. நல்ல ஜோடி சேர்ந்தால் அவர்களுக்கும் லாபம்தானே!

இந்தத் தேடலில் மூன்று வகை ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, ‘இந்த முறை நீ என் ஊருக்கு வா, அடுத்த முறை நான் உன் ஊருக்கு வருகிறேன்’ என்ற போக்குவரத்து ஏற்பாடு. சம பலமுள்ளவர்கள் செய்துகொள்வது இது. இரண்டாவது, இருவருக்கும் சொந்தமில்லாத ஊரில் பெரிய மைதானத்தைப் பிடித்து ஆடுவது. மூன்றாவது, பணம் கொடுத்துச் சிறிய அணி ஒன்றை வரவழைப்பது. இதில் பதிலுக்குப் போக வேண்டிய கடமை இல்லை.

மூன்றாவது வகை ஏன் தேவைப்படுகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். பெரிய பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு ஏழு ஆட்டங்களாவது சொந்த மைதானத்தில் நடக்க வேண்டும் என்று விரும்புகின்றன. டிக்கெட், வாகன நிறுத்தம், தின்பண்டம் என்று வருமானம் கொட்டுவது அங்கேதான். ஆனால் பிக் டென் போன்றவற்றில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் ஒன்பது, ஒற்றைப்படை எண். ஓர் ஆண்டு ஐந்து சொந்த ஊரிலும் நான்கு வெளியூரிலும் நடந்தால், அடுத்த ஆண்டு தலைகீழ்.

அயோவா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அது பிக் டென் அணி. அதே மாநிலத்தின் அயோவா ஸ்டேட் பிக் 12 அணி. இரண்டும் நெடுநாள் பகையாளிகள். ஆண்டுக்கொரு முறை முறைவைத்து மோதிக்கொள்கின்றன. 2024இல் அயோவாவுக்குக் கான்ஃபரன்ஸ் தந்த சொந்த மைதான ஆட்டங்கள் நான்குதான். அந்த ஆண்டு அயோவா ஸ்டேட் இங்கே வந்தது. வேறு இரண்டு அணிகளும் வந்தன. கூட்டினால் ஏழு. 2025இல் கான்ஃபரன்ஸ் ஐந்து கொடுத்தது. அப்போது அயோவா, பகையாளியின் ஊருக்குப் போனது. வேறு இரண்டு அணிகளை மட்டும் வரவழைத்தது. மறுபடி ஏழு. அந்த இரண்டு இடங்களுக்கு, ‘நீயும் என் ஊருக்கு வா’ என்று கேட்காத அணிகள்தாம் பொருந்தும். கேட்காமலிருக்கத்தான் பணம்.

கூலிக்கு மாரடிப்பு

பணம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் யார்? முதல் தட்டின் சிறிய கான்ஃபரன்ஸ்களைச் சேர்ந்தவர்கள், அல்லது ‘எஃப்.சி.எஸ்.’ என்ற இரண்டாம் தட்டு அணிகள். நெடுங்காலம் முதல் தட்டு அணி 85 வீரர்களுக்கு உதவித்தொகை தரலாம், இரண்டாம் தட்டு அணி 63 பேருக்குச் சமமான அளவுதான் தரலாம் என்று விதி இருந்தது. களத்தில் அந்த வித்தியாசம் தெரியும். பருவம் முடிந்ததும் நடக்கும் ‘பௌல்’ ஆட்டங்களுக்குத் தகுதி பெற ஆறு வெற்றி வேண்டும்; அதில் இரண்டாம் தட்டு அணிக்கு எதிரான வெற்றி ஒன்றைக் கணக்கில் சேர்க்கலாம். ஆக, பெரிய அணி வாங்குவது ஒரு மைதான நாளையும், கிட்டத்தட்டக் கையில் விழுந்துவிட்ட ஒரு வெற்றியையும்.

சிறிய அணிக்கு அது அடுப்பெரியும் காசு. ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னா ஸ்டேட், கறுப்பின மாணவர்களுக்காக உருவான பழைய பல்கலைக்கழகம். 2012 செப்டம்பரில் அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் இரண்டு பெரிய அணிகளிடம் போனது. ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84–0. ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 55–0. அதுவும் மூன்றாம் கால்பகுதியில் இடி மின்னல் வந்து ஆட்டத்தை நிறுத்தியதால் அத்தோடு போயிற்று. இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது 8.6 லட்சம் டாலர். மற்ற விளையாட்டுகளின் பயணச் செலவும் பயிற்சியாளர் சம்பளமும் இப்படிப்பட்ட காசோலைகளை நம்பித்தான் பல இடங்களில் ஓடுகின்றன. 2020இல் கொரோனா காரணமாகப் பெரிய கான்ஃபரன்ஸ்கள் வெளி ஆட்டங்களை ரத்து செய்தபோது, பெரிய அணிகளுக்குப் போனது ஓர் எளிய வெற்றி. சிறிய பல்கலைக்கழகங்களுக்குப் போனது ஆண்டு வரவு செலவில் ஒரு பெரிய துண்டு.

பத்தாண்டு முன்பே நாள் குறிப்பது

பெரியவர்களுக்குள் போடும் ஒப்பந்தத்தில் வேறொரு வேடிக்கை. மிச்சிகனும் டெக்சாஸும் 2024, 2027 ஆண்டுகளில் மோதுவது என்று 2014லேயே முடிவாகிவிட்டது. 2024 செப்டம்பரில் டெக்சாஸ் மிச்சிகனின் மைதானத்தில் 31–12 என்று வென்றது. அன்று களத்தில் நின்ற இளைஞர்கள், நாள் குறித்தபோது பள்ளிச் சிறுவர்கள். 2014இல் இருந்த இரண்டு பயிற்சியாளர்களும் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார்கள். டெக்சாஸ் கான்ஃபரன்ஸே மாறியிருந்தது. யார் பலசாலி, யார் நோஞ்சான் என்று தெரியாமல், பெயரை மட்டும் நம்பிப் போடும் பந்தயம் இது.

அதனால் ஒப்பந்தத்தில் விலகும் வழியும் விவரமாக இருக்கும். யார் பின்வாங்கினால் எவ்வளவு கட்ட வேண்டும், கான்ஃபரன்ஸ் தன் ஆட்டங்களைக் கூட்டினால் அபராதமின்றி விலகலாமா என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். இவ்வளவு எழுதியும் சில சமயம் காற்றோடு போகும். ஜார்ஜியாவும் ஓக்லஹோமாவும் 2023இல் மோதுவதாக இருந்தது. அதற்குள் ஓக்லஹோமா, ஜார்ஜியா இருக்கும் எஸ்.இ.சி.க்கே வரப்போவது உறுதியானது. பதில் ஆட்டம் நடக்கும் காலத்தில் இருவரும் ஒரே குடும்பமாகிவிடுவார்கள். எஸ்.இ.சி. தலையிட்டு ஏற்பாட்டைக் கலைத்தது. ஜார்ஜியா அந்த இடத்தில் பால் ஸ்டேட் என்ற சிறிய அணியை அழைத்து 45–3 என்று வென்றது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. வட கரோலினாவும் வேக் ஃபாரஸ்டும் ஒரே மாநிலத்தவை, ஒரே ஏ.சி.சி.யில் இருப்பவை. ஆனால் கான்ஃபரன்ஸ் அட்டவணை அவற்றைப் பல ஆண்டுகள் சந்திக்கவே விடவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, 2019, 2021 ஆண்டுகளில் தாங்களே ஏற்பாடு செய்து ‘கான்ஃபரன்ஸுக்கு வெளியே’ ஆடிக்கொண்டன. ராணுவக் கல்லூரி அணியும் கடற்படைக் கல்லூரி அணியும் 2024 முதல் ஒரே கான்ஃபரன்ஸில் இருந்தும், 1890இல் தொடங்கிய அவர்களுடைய மோதல் இன்னும் வெளி ஆட்டமாகவே கணக்கில் ஏறுகிறது.

பலமான எதிரியைத் தேடுவது புத்திசாலித்தனமா என்ற கேள்வி இப்போது கூர்மையாகியிருக்கிறது. 2024 முதல் 12 அணிகள் சாம்பியன் பட்டத்துக்கான பிளேஆஃபுக்குப் போகின்றன. தேர்ந்தெடுக்கும் குழு வெற்றிகளை எண்ணுவதோடு, யாரிடம் வென்றாய் என்றும் பார்க்கிறது. 2025இல் டெக்சாஸ் முதல் ஆட்டத்துக்கே ஓஹியோ ஸ்டேட்டின் ஊருக்குப் போய் 14–7 என்று தோற்றது. பருவ முடிவில் 9 வெற்றி, 3 தோல்வி. பிளேஆஃப் கதவு திறக்கவில்லை. ஒரு சிறிய அணியை விலைக்கு அழைத்திருந்தால் தோல்வி இரண்டோடு நின்றிருக்குமே என்று ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கை மற்ற இயக்குநர்களும் போடாமல் இருப்பார்களா?

ஆனால் விலைக்கு வாங்கிய வெற்றிக்கும் உத்தரவாதம் இல்லை. 2007 செப்டம்பர் 1இல், நாட்டின் ஐந்தாம் இடத்திலிருந்த மிச்சிகன், 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற இரண்டாம் தட்டு அணியை அழைத்தது. கடைசி நொடிகளில் வெற்றிப் புள்ளிகளுக்காக மிச்சிகன் உதைத்த பந்தை அப்பலாச்சியன் வீரர் பாய்ந்து தடுத்தார். 34–32. ஒரு லட்சம் பேர் வாயடைத்து நின்றார்கள். 2024இல் நாட்டர் டேம் 14 லட்சம் டாலருக்கு நார்தர்ன் இல்லினாயை அழைத்தது. நாட்டர் டேமும் அப்போது ஐந்தாம் இடத்தில்தான் இருந்தது. அங்கும் கடைசி உதை தடுக்கப்பட்டது. 16–14.

அப்பலாச்சியன் பிறகு முதல் தட்டுக்கு உயர்ந்தது. 2022இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அதை அழைத்தபோது விலை 15 லட்சம் டாலர். அப்பலாச்சியன் போனது, 17–14 என்று வென்றது, பேசிய பணத்தையும் பெற்றது. வர வேண்டும் என்றுதான் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. தோற்க வேண்டும் என்று எழுதவில்லை.