முகப்பும் பட்டியலும்: வீடியோ கேம் பொட்டியை மீட்டு வைப்பது குறித்துச் சில குறிப்புகள்

1

சினிமாக் கொட்டகைக்கும் டீக்கடைக்கும் சலூனுக்கும் நம் எழுத்தில் கிடைத்த இடம் வீடியோ கேம் கடைக்குக் கிடைக்கவில்லை. தொண்ணூறுகளில் கூடுவாஞ்சேரி மாதிரி மின்சார ரயில் நிற்கிற ஊர்களில் இந்தக் கடைகள் இருந்தன. ஷட்டர் பாதி இறக்கின ஓர் அறை, நாலைந்து மரப்பொட்டிகள், ஒரு ரூபாய்க்கு ஒரு டோக்கன். டியூஷனுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவனும், மெக்கானிக் ஷெட்டில் வேலைக்கு நின்றவனும் ஒரே பொட்டியின் முன்னால் தோள் இடித்துக்கொண்டு நின்ற இடம் அது. பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடமிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கடைகள் போய்விட்டன. பொட்டிகள் பழைய இரும்பு விலைக்குப் போயின.

அந்த ஆட்டங்களை ஒரு பழைய மடிக்கணினியில் மறுபடி ஓடவைப்பது எப்படி என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் இதைச் செய்துபார்த்தோம். செய்யும்போது ஒரு கேள்வி கூடவே வந்தது: நாம் மீட்டெடுப்பதை யார் வைத்த பெயரில் மீட்டெடுக்கிறோம்?

2

முதலில் பொட்டி. 1985இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் வகுத்த 'ஜம்மா' என்ற தர அளவின்படி, ஆட்டத்துக்கான போர்டு 56 முனைகள் கொண்ட ஓர் இணைப்பில் செருகப்படும். பொட்டி, திரை, குச்சி, பொத்தான் எல்லாம் அப்படியே இருக்க, போர்டை மட்டும் மாற்றினால் வேறு ஆட்டம். சின்ன முதலாளி ஒருவர் ஒரே பொட்டியை வைத்துக்கொண்டு பல வருஷம் கடை நடத்த முடிந்ததற்கு இதுவே காரணம். கம்பெனியின் பெயரே இல்லாத நகல் போர்டுகள் புழங்கியதற்கும் இதுவே வழிசெய்தது.

அந்தப் போர்டுகளில் ஒன்றுதான் ஊரெல்லாம் 'முஸ்தபா கேம்' என்று சொன்ன ஆட்டம். கேப்காம் 1993இல் வெளியிட்ட அதன் அசல் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. மார்க் ஷூல்ட்ஸ் வரைந்த படக்கதையை ஒட்டியது. நான்கு பாத்திரங்களில் மஞ்சள் தொப்பிக்காரன் பெயர் முஸ்தபா கைரோ. இந்தியாவின் பல ஊர்களில் அந்த ஒருவன் பெயரே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. 1992 டிசம்பருக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. 'ரோஜா' வெளிவந்து வெற்றிபெற்றிருந்த காலம். வெகுசனத் திரை இஸ்லாமியப் பெயர்களை எந்த இடத்தில் நிறுத்திவைத்தது என்பதை இவ்வகைப் பத்திரிகைகளின் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பையன்கள் அரசியல் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அவன் வேகமாக ஓடி உதைக்கிறவன் என்பதற்காக எடுத்திருப்பார்கள். ஆனாலும் 'முஸ்தபா எனக்கு' என்று அடித்துக்கொண்டார்கள், அந்தப் பெயர் தங்கிவிட்டது. இது வாசகன் பிரதிக்கு வைத்த பெயர்.

இந்தப் போர்டுக்கு ஓர் ஆயுசு உண்டு. அதன் ஒலிப்பகுதியை இயக்கும் 'கபுகி' சில்லின் நிரல் மறையாக்கம் செய்யப்பட்டது. மறையை அவிழ்க்கும் சாவி சிறு பாட்டரியின் தயவில் நினைவகத்தில் நிற்கிறது. பாட்டரி தீர்ந்தால் சாவி அழியும். நகலெடுப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அசலையே கொல்கிறது.

3

இந்த இடத்தில்தான் 'மேம்' வருகிறது. இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்டது. பின்னர் பலர் சேர்ந்து வளர்த்தது. ஆட்டத்தைப் புதிதாக எழுதுகிற வேலை இதில் கிடையாது. போர்டிலுள்ள சில்லுகள் ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி மென்பொருள் நடந்துகாட்டுகிறது. பழைய இலக்கணத்தில் சொன்னால் போலச்செய்தல். போர்டின் ரோம் சில்லுகளில் இருந்த நிரலை அப்படியே படித்துக் கோப்பாக்கிக் கொடுத்தால், தான் இருப்பது பொட்டிக்குள்தான் என்று நம்பி அது ஓடும். வன்பொருள் எப்படி இயங்கியது என்று ஆவணப்படுத்துவதே முதல் நோக்கம், விளையாட முடிவது உபரி என்பது மேம் குழுவின் நிலைப்பாடு. 2016இலிருந்து மேம் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். மேம் கட்டற்றது, ரோம் அப்படியல்ல. கணினி நிரலின் சட்டபூர்வமான பிரதியை வைத்திருப்பவர், இழப்போ சேதமோ வந்தால் உதவும் என்று காப்புப்பிரதி எடுக்க 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. போர்டே இல்லாதவருக்கு அந்த இடம் இல்லை. உரிமையாளர்களே வணிகமற்ற உபயோகத்துக்கு அனுமதித்த சில ஆட்டங்களை மேம் குழுவே தருகிறது: 'ராபி ரோட்டோ', 'கிரிட்லீ' போன்றவை. கிரிட்லீ 1983இல் செய்து, கடைக்கே வராமல் நின்றுபோன ஆட்டம். பழகுவதற்கு இவை போதும். முஸ்தபாவின் கதை சிக்கலானது. 2018இல் கேப்காம் தன் பழைய அடிதடி ஆட்டங்கள் ஏழைத் தொகுத்து விற்றபோது இது அதில் இல்லை. காசு கொடுத்து வாங்கத் தயாராக இருப்பவனுக்கும் விற்பனைக்கு வராத பிரதியை எப்படிப் பாதுகாப்பது என்பதற்குச் சட்டத்திடம் நேரான பதில் இல்லை.

4

இனி நிறுவல். 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய கணினி ஒன்றை எடுத்துக்கொண்டோம். எண்பதுகளின், தொண்ணூறுகளின் ஆரம்ப ஆட்டங்களுக்கு அதுவே தாராளம். அதில் டெபியன் லினக்ஸ் போட்டோம்.

மேமை டெபியன் பொதிக் களஞ்சியத்திலிருந்து நேரே நிறுவலாம். நிறுவியதும் அமைப்புக் கோப்பை உருவாக்கும் கட்டளையை ஒருமுறை கொடுத்து, அதில் ரோம் அடைவு எங்கே என்று எழுதவேண்டும். ரோம் ஜிப் கோப்பாகத்தான் இருக்கும். அவிழ்க்கக் கூடாது, பெயர் மாற்றக் கூடாது. 'ரோம் சரிபார்' கட்டளை, கோப்பிலுள்ள ஒவ்வொரு சில்லின் உள்ளடக்கமும் மேமின் பதிவோடு பொருந்துகிறதா என்று சொல்லும். பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் மேம் பதிப்பும் ரோம் தொகுப்பின் பதிப்பும் வேறு வேறு காலத்தவை என்று அர்த்தம்.

இவ்வளவில் ஆட்டம் ஓடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கட்டளை தட்டவேண்டும். பத்து வயசுப் பிள்ளை குச்சியைத் தள்ளி ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டுமானால் முகப்பு மென்பொருள் தேவை. நாங்கள் எடுத்தது 'அட்ராக்ட் மோட்'. யாரும் காசு போடாதபோது பொட்டி தானே ஆடிக்காட்டுமே, அந்த நிலைக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். கையில் காசில்லாத பையன்கள் குச்சியைப் பிடித்துக்கொண்டு தாங்களே ஆடுவதாகப் பாவனை செய்தது அந்தத் திரைக்கு முன்னால்தான். அவர்களுடைய நேரத்தின் பெயரை இந்த மென்பொருள் தாங்கியிருக்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

ஆயத்தப் பொதி கிடைக்காவிட்டால் மூலநிரலை இறக்கிக் கட்டவேண்டும். தேவையான நூலகங்களின் பெயர்கள் அதனுடனேயே எழுதியிருக்கும். ஓடவிட்டபின் டேப் விசையை அழுத்தினால் அமைப்புப் பட்டி வரும். 'எமுலேட்டர்' பகுதியில் மேம் எங்கே, ரோம் அடைவு எங்கே என்று காட்டி, ஆட்டப்பட்டியலை உருவாக்கச் சொல்லவேண்டும். 'கட்டுப்பாடுகள்' பகுதியில் குச்சிக்கும் பொத்தானுக்கும் வேலை ஒதுக்கவேண்டும். குச்சி, பொத்தான், அவற்றை யுஎஸ்பியில் இணைக்கும் சின்ன அட்டை எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

5

உருவாகிற பட்டியல் ஒரு சாதாரண உரைக்கோப்பு. ஒரு வரிக்கு ஓர் ஆட்டம். அரைப்புள்ளியால் பிரித்த பத்திகள்: கோப்புப் பெயர், தலைப்பு, எதன் நகல், வருஷம், கம்பெனி, வகை, எத்தனை பேர் ஆடலாம் என்று போகும். முகப்பு என்பது வெறும் கதவு என்று நினைத்தால் இங்கே நிற்கவேண்டும். இது ஒரு நூலக அட்டவணை. 'டினோ' என்ற கோப்புப் பெயருக்கு எதிரே கம்பெனி வைத்த தலைப்பும் '930201' என்ற பதிப்புத் தேதியும் வருகின்றன. முஸ்தபா இல்லை. 'எதன் நகல்' என்ற பத்தியில் பெயரில்லாத திருட்டு போர்டுகளுக்குக்கூட இடம் உண்டு, இதற்காக மேமைப் பாராட்டலாம். ஆனால் அசல், நகல் என்ற உறவு கம்பெனியிலிருந்து கீழே இறங்குகிற உறவு. எந்த ஊரில், யார், என்ன பெயர் சொல்லி ஆடினார்கள் என்பதற்குப் பத்தி இல்லை.

உரைக்கோப்பு என்பதால் நாமே திருத்தலாம். தலைப்பில் 'முஸ்தபா' என்று எழுதிப் பார்த்தோம். தமிழ் எழுத்துரு கொடுத்தும் திரையில் எழுத்து உடைந்து வந்தது. 'மு' என்பது 'ம'வும் தனி உகரக் குறியுமாகப் பிரிந்து நின்றது. முகப்பு பயன்படுத்தும் வரைகலை நூலகம் எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குமே தவிர, உயிர்மெய்யாகச் சேர்க்கத் தெரியாதது. ஆங்கிலத்துக்கு இந்தக் குறை தெரியவே வராது. 'உலகளாவிய' மென்பொருளில் ஒரு மொழியின் இலக்கணம் எப்படி இயல்பு என்று ஆகிறது என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டாம்.

வழி இருக்கிறது. ஆட்டத்தின் பெயருக்குப் பதிலாகப் படத்தைக் காட்டும் வசதி முகப்பில் உண்டு. கிம்ப் மென்பொருளில் 'முஸ்தபா' என்று எழுதிப் படமாகச் சேமித்து, 'டினோ' என்ற அதே பெயரில் படங்களுக்கான அடைவில் போட்டால் திரையில் அதுவே வரும். உரைக்கோப்பின் கடைசிப் பக்கம் 'எக்ஸ்ட்ரா' என்றொரு பத்தி காலியாகக் கிடக்கிறது. அதில் ஊர்ப்பெயர்கள், கடை இருந்த இடம், ஆடியவர்கள் சொன்ன சங்கதிகள் என்று தமிழிலேயே எழுதிவருகிறோம். திரையில் உடைந்தாலும் கோப்பில் உடையாது. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும்: பட்டியலை மறுபடி உருவாக்கச் சொன்னால் மென்பொருள் நம் திருத்தங்களின் மேலேயே எழுதிவிடும். தனிப்பிரதி ஒன்றை வேறிடத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

இதைப் பழைய நினைவின் இனிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டால், கம்பெனி பட்டியலே நம் ஞாபகத்தின் பட்டியலாகிவிடும். செய்யவேண்டிய வேலை கொஞ்சம்தான், ஆனால் கால அவகாசம் குறைவு. அந்தக் கடைகளில் நின்றவர்களுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயசு. கடை நடத்தினவர்கள் இன்னும் மூத்தவர்கள். உங்கள் ஊரில் எந்த ஆட்டத்தை என்ன பெயரில் கூப்பிட்டார்கள், டோக்கன் என்ன விலை, யாரை உள்ளே விடவில்லை என்று கேட்டு எழுதுங்கள். பட்டியலின் 'எக்ஸ்ட்ரா' பத்தி அதற்குப் போதும்.