34 கிராம் குரல்

சோழவந்தானை ஒட்டிய தென்கரையில் பிறந்தவர் டி.ஆர். மகாலிங்கம். அவர் நடித்துப் பாடிய ஏவி.எம்.மின் 'ஸ்ரீவள்ளி' 1945இல் வந்தது. அந்தக் குரல் ஊர் ஊராகப் போனது பிலிமில் பூசிய வெள்ளியில் ஏறித்தான். எவ்வளவு வெள்ளி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அப்போது போர்க்காலம், பிலிம் கப்பலில் வந்தாக வேண்டும். தட்டுப்பாட்டால் 1942இல் அரசாங்கம் ஒரு படத்துக்கு 11,000 அடி என்று வரம்பு கட்டியது. அந்த வரம்பையே கணக்குக்கு எடுத்துக்கொண்டால், அடிக்கு 16 பிரேம் வீதம் 1,76,000 பிரேம். நிமிடத்துக்கு 90 அடி ஓடினால் 122 நிமிடம். 35 மி.மீ. அகலத்தோடு பெருக்க, ஒரு பிரதியின் பரப்பு சுமார் 117 சதுர மீட்டர்.

அந்தப் பரப்பில் ஜெலட்டினோடு பூசியிருப்பது பெரும்பாலும் வெள்ளி புரோமைடு. அதில் 100 கிராமுக்கு 57.4 கிராம் வெள்ளி. பூச்சு பிலிமுக்குப் பிலிம் மாறும். சதுர மீட்டருக்கு 4 கிராம் வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். பிரதிக்கு 469 கிராம் வெள்ளி. புரோமைடாக 817 கிராம். பவுன் கணக்கில் 58க்கு மேல். ஒரு பிரேமுக்கு 2.7 மில்லிகிராம்தான்!

ஒலியும் இதே பூச்சில்தான் பதிவானது. படச்சட்டத்தின் ஓரமாக 2.5 மி.மீ. பட்டை ஒன்று ஓடும். மொத்த அகலத்தில் பதினான்கில் ஒரு பங்கு. அந்தப் பட்டைக்குரிய வெள்ளி 34 கிராம். பாட்டு, வசனம், வாத்தியம் எல்லாம் அதற்குள் அடக்கம். நாயகி ருக்மிணியின் பாட்டு திருப்தி தராமல் பி.ஏ. பெரியநாயகியின் குரலை மாற்றிச் சேர்த்ததும் இந்தப் பட்டையில்தான்.

ஒளி பட்ட துகள் டெவலப்பரில் கருத்த வெள்ளியாகி நிற்கும். படாதது ஹைப்போ கரைசலில் கரைந்து போகும். பாதி நின்றது என்று வைத்தால் 235 கிராம். கிராம் 100 ரூபாய் என்றாலும் 23,500 ரூபாய். இந்த வெள்ளிக்காகத்தான் ஓடி முடிந்த பிரதிகளை உருக்கினார்கள். பழைய படங்கள் பல அப்படியும் அழிந்தன. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. அந்த இழப்புக்கு எந்த விலையும் ஈடாகாது.

பழைய கொட்டகையிலோ வீட்டுப் பரணிலோ பிலிம் டப்பா கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பற்றும். அடுப்பு, வெயில் பக்கம் வைக்க வேண்டாம். புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே தகவல் சொல்லுங்கள்.