மருந்தின் எடை மட்டும் போதாது

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கிமேட்டில் இருக்கும் ராஜகோபால பீரங்கி சுமார் 26 அடி நீளம். எடை 22 டன் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டில், ரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானதாகக் கருதப்படும் இந்தப் பீரங்கி வார்த்தெடுத்ததல்ல. நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாகச் சேர்த்து, அவற்றின் மேல் காய்ச்சிய இரும்பு வளையங்களை வரிசையாக மாட்டி, அடித்து இணைத்திருக்கிறார்கள். கான்பூர் ஐஐடி பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் உள்ளிட்ட உலோகவியலாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வெடிமருந்து வெடிக்கும்போது குழலின் சுவர் நீளவாக்கில் இழுபடுவதைவிடச் சுற்றுவாக்கில்தான் அதிகம் இழுபடும். வளையங்கள் தாங்குவது அந்த இழுப்பைத்தான். செய்தவர்களுக்கு அந்த ஞானம் இருந்தது. உள்ளே எழும் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் வழிதான் இல்லை. அளக்க முடியாததை இரும்பின் கனத்தைக் கொண்டு ஈடுகட்டினார்கள்.

அழுத்தத்தை அளக்கக் கருவிகள் வந்துவிட்ட பிறகும், எடை போட்டுவிட்டால் மருந்தின் பலம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை போகவில்லை. அமெரிக்காவில் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் பரவலாக உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய வெடிமருந்தை மொத்தமாக வாங்கி மலிவாக விற்றுத் தொழில் வளர்த்தவர் புரூஸ் ஹாட்ஜ்டன். ரைபிள் தோட்டாவுக்கென்று செய்த 4895, 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளுக்குப் பயன்பட்ட 4831 ஆகிய மருந்துகள் இப்படித்தான் பொதுமக்கள் கைக்குப் போயின. ராணுவத் தொழிற்சாலை ஒவ்வொரு தொகுதி மருந்தையும் சுட்டுச் சோதித்து, குறித்த வேகம் வரும்படி அந்தத் தொகுதிக்கான எடையை நிர்ணயிக்கும். அதே பெயருள்ள அடுத்த தொகுதிக்கு வேறு எடை தேவைப்படலாம். கடையில் விற்கும் மருந்தையோ பல தொகுதிகளைக் கலந்து, பலம் மாறாதபடி தயாரிக்கிறார்கள். ராணுவத்தில் மிஞ்சிய மருந்தை இப்படிச் சமன்செய்வது கிடையாது. தோட்டா நிரப்பும் கையேட்டில் கண்ட எடையை அதில் அப்படியே போடுபவர் வேறொரு மருந்தின் கணக்கைப் பின்பற்றுகிறார் என்பதே உண்மை.

காவிரி டெல்டா விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூட்டை எடை சரியாக இருந்தாலும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் அந்த நெல்லுக்கு வேறு பேச்சு. வெடிமருந்தும் அப்படித்தான். குருணையின் அளவு, வடிவம், மேற்பூச்சு, ஈரம் எல்லாம் சேர்ந்து எரியும் வேகத்தை நிர்ணயிக்கின்றன. அழுத்தம் கூடக் கூட மருந்து இன்னும் விரைந்து எரியும். விரைந்து எரிவதால் அழுத்தம் மேலும் கூடும். ஆகவே குண்டின் வேகம் கொஞ்சம் உயர்ந்தால், அதைவிடக் கூடுதலான விகிதத்தில் அழுத்தம் உயர்ந்திருக்கும். எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போகும் குண்டு நல்ல மருந்துக்கு அத்தாட்சி அல்ல, அது ஓர் எச்சரிக்கை. சக்தி வாய்ந்த இன்றைய ரைபிளுக்குள் சதுர அங்குலத்துக்குச் சுமார் 60,000 பவுண்டு அழுத்தம் எழுகிறது. இது காற்றழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்கு. அந்த எல்லையைத் தாண்டும்போது சிதறுவது சுடுபவரின் முகத்துக்கு அருகிலுள்ள இரும்பு.

குண்டின் வேகத்தை முதலில் நம்பகமாக அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். ஊசலாகத் தொங்கவிட்ட மரக்கட்டையின் மீது சுட்டு, அது பின்னுக்குப் போன தூரத்தை ஒரு நாடா எவ்வளவு இழுபட்டது என்பதைக் கொண்டு கணித்தார். இந்த ஆய்வு 1742இல் நூலாக வந்தது. காற்றின் ஈரம் மருந்தின் பலத்தைக் குறைக்கும் என்பதையும் அவர் கவனித்தார். பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்த அவர், 1751இல் காவிரி டெல்டாவுக்குச் சற்று வடக்கே, கடலூர் புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

பழைய மருந்து வீரியம் குறைந்துதானே இருக்கும், அதனால் ஆபத்து என்ன என்று கேட்கலாம். ஈரம் ஏறிய கருமருந்துக்கு அது பொருந்தும். இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையற்ற மருந்தோ உலர உலர விரைந்து எரியும். எரிவேகத்தைக் கட்டுப்படுத்தும் மேற்பூச்சு கெட்டாலும் அதே விளைவுதான். முன்னோர் கருவியில்லாமல் சுட்டார்களே என்பது இன்னொரு வாதம். சுட்டார்கள், விலையும் கொடுத்தார்கள். ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் 1460இல் தம் பீரங்கியே வெடித்து இறந்தார். 1844இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் போர்க்கப்பலில் பீரங்கி வெடித்து இரண்டு அமைச்சர்கள் மாண்டார்கள். மேலும், கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கும் குறைவுதான் வாயுவாகும். மீதி புகையும் கசடும். புகையற்ற மருந்து ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். கருமருந்துக்குப் பழகிய கை அதே அளவில் புகையற்ற மருந்தைக் கெட்டித்தால் நாட்டுத் துப்பாக்கியின் குழல் தாங்காது.

உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடை செய்வதைச் சிலர் வெறும் கெடுபிடியாக நினைக்கிறார்கள். ஆனால் சுட்டுப் பார்க்காத தொகுதியின் பலத்தைத் தராசு சொல்லாது, கண் சொல்லாது, பெட்டியில் ஒட்டிய பெயரும் சொல்லாது. பரணிலோ பழைய பெட்டியிலோ அடையாளம் தெரியாத மருந்து கிடைத்தால், சிக்கனம் கருதிப் பயன்படுத்திப் பார்க்கக் கூடாது; கையால் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மிச்சப்படும் சில நூறு ரூபாய்க்காக ஒருவர் தன் கண்ணையும் கையையும் பணயம் வைக்கக் கூடாது.