குழந்தையைக் குப்புறக் கிடத்துதல்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் வாயிலைக் கடந்து உட்செல்லும் தெருக்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. தமிழ் இல்லங்களில் கைக்குழந்தையை நீராட்டும் முறை தொன்மையானது. வயது முதிர்ந்த மாது ஒருவர் கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையை அவற்றின்மீது மல்லாத்தி எண்ணெய் தேய்ப்பார். பின்னர்க் குப்புறத் திருப்பி முதுகில் தேய்ப்பார். அப்பொழுது குழந்தை தலையைத் தூக்க முயல்வதைக் காணலாம். அற்பமாகத் தோன்றும் இம்முயற்சியே பிற்காலத்தில் உட்காரவும் தவழவும் நடக்கவும் முதற்படியாகும்.

பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. வளர்ந்த மனிதருக்கோ எட்டில் ஒரு பங்கே. குழந்தை மல்லாந்து கிடக்கையில் இப்பளுவைப் படுக்கை தாங்குகிறது. குப்புறக் கிடக்கையில், புவியீர்ப்புக்கு எதிராகக் கழுத்துத் தசைகளே அதனை உயர்த்த வேண்டும். இதனால் கழுத்து, தோள், முதுகு ஆகியவற்றின் தசைகள் படிப்படியாக வலுவடைகின்றன. பெரும்பாலான குழந்தைகள் இரண்டாம் மாதத்தில் தலையைத் தூக்குகின்றன. நான்காம் மாதத்தில் முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்துகின்றன. ஆறாம் மாதத்தில் கைகளை நீட்டி ஊன்றுகின்றன.

ஆயினும், விழித்திருக்கும்போது நன்மை பயக்கும் இந்நிலை உறக்கத்தில் அபாயமாகிறது. குப்புற உறங்கும் சிசுக்களிடையே திடீர் மரணம் மிகுதி எனக் கண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், குழந்தைகளை மல்லாத்தியோ ஒருக்களித்தோ உறங்கவைக்க வேண்டுமென 1992-இல் அறிவுறுத்தியது. 1994-இல் அந்நாடு முழுவதும் பிரசாரம் தொடங்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குள் அங்கு அத்தகைய மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஆனால் எந்நேரமும் மல்லாந்தே கிடந்த குழந்தைகள் சிலருக்குப் பின்மண்டை தட்டையாவதும் காணப்பட்டது. ஆகவே உறக்கத்தில் மல்லாத்தியும், விழித்திருக்கையில் சிறிது நேரம் குப்புறவும் கிடத்துவதே முறையென மருத்துவர்கள் தெளிந்தனர். தானாக நகர இயலாத சிசுவுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடங்கள், பல வேளைகளாகப் பகிர்ந்து, இப்பயிற்சி தேவையென உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது.

இதற்குப் பெரும் ஏற்பாடு ஏதும் வேண்டுவதில்லை. தரையில் பாய் விரித்து, அதன்மேல் துணியைச் சுருக்கமின்றிப் பரப்பினால் போதும். மெத்தையும் தலையணையும் மூக்கை அடைக்கக்கூடுமாதலால் அவற்றை விலக்க வேண்டும். பால் குடித்த உடனே கிடத்தலாகாது. தொடக்கத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடங்கள், நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை போதுமானது. தாயின் மார்பின்மீது கிடத்துவதும் இப்பயிற்சியே. குழந்தை களைத்து அழுதால் எடுத்துவிட வேண்டும்; உறங்கிவிட்டால் உடனே மல்லாத்திவிட வேண்டும். பெரியவர் ஒருவர் அருகிலிருந்து கண்காணிப்பது இன்றியமையாதது; ஒரு கணமும் தனியே விட்டுச் செல்லலாகாது.

குழந்தையின் முன்னேற்றத்தை அறியும் எளிய கருவியொன்று இதே திருவனந்தபுரத்தில் உருவாயிற்று. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987-இல் தோன்றிய குழந்தை வளர்ச்சி மையத்தைச் சேர்ந்த டாக்டர் எம். கே. சி. நாயரும் அவருடன் உழைத்தோரும் 1991-இல் வெளியிட்ட ‘திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை’ அது. இந்தியக் குழந்தைகளுக்கெனப் பரோடாவில் தரப்படுத்தப்பெற்ற பெய்லி அளவையிலிருந்து 17 செயல்கள் அதற்காகத் தெரிந்தெடுக்கப்பட்டன. தலையை நிலையாகப் பிடித்தலும், மல்லாந்த நிலையிலிருந்து குப்புறப் புரளுதலும் அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கிடைக்கோடு உண்டு. அதன் இடமுனை 100 குழந்தைகளில் 3 குழந்தைகளும், வலமுனை 97 குழந்தைகளும் அச்செயலைச் செய்துவிடும் வயதைக் குறிக்கும். குழந்தையின் வயதில் பென்சிலைச் செங்குத்தாக வைத்தால், அதற்கு இடப்புறம் முடிந்துவிடும் செயல்கள் அனைத்தையும் குழந்தை செய்ய வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரும் சில நிமிடங்களில் இதனைச் செய்துவிடலாம்.

ஒரு செயல் தாமதமாவதனாலேயே நோய் உண்டெனக் கொள்ளலாகாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அக்குறைவைக் கழித்தே வயதைக் கணக்கிட வேண்டும். எனினும் நான்கு மாதம் நிறைந்தும் தலை நிற்கவில்லையெனில், ‘தானே சரியாகிவிடும்’ என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். குறை இருப்பின், காலத்தில் தொடங்கும் பயிற்சி மிகுந்த பயன் தரும். அக்குறையை முதலில் காணத்தக்கவர், குழந்தையை அன்றாடம் குப்புறக் கிடத்தி அருகில் அமர்ந்திருப்பவரே.