வலியில்லாமல் கரையும் எலும்பு

உள்ளே வைத்த பொருளில் அல்ல, அது வந்த பையில்தான் கோளாறு. அமெரிக்காவின் எக்ஸாக்டெக் நிறுவனம் 2021-இல் தொடங்கி, 2022 பிப்ரவரியில் விரிவாக்கி, செயற்கை முழங்காலின் பிளாஸ்டிக் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. 2004 முதல் தயாரான தட்டுகளில் பெரும்பாலானவை ஆக்சிஜனைத் தடுக்கும் கூடுதல் படலம் இல்லாத பைகளில் அடைக்கப்பட்டிருந்தன. ஆக்சிஜன் ஏறிய பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும்.

தேய்ந்தால் துகள்தானே உதிரும்? அந்தத் துகளை விழுங்க வரும் நோயெதிர்ப்புச் செல்கள் பக்கத்து எலும்பையும் கரைய வைத்துவிடுகின்றன. எந்தக் கம்பெனி மூட்டிலும் இது நேரலாம். மூட்டு கழன்று ஆடும்வரை பலருக்கு வலி தெரிவதில்லை. எனவே, நன்றாக நடக்கிறோம் என்று எக்ஸ்-ரேயைத் தள்ளிப்போடக் கூடாது.

கழன்ற மூட்டை மாற்றும் மறு அறுவைக்கு முன், கிருமித்தொற்று உண்டா என்று ரத்தத்திலும் மூட்டு நீரிலும் பார்த்தே ஆக வேண்டும். இருந்தால் பெரும்பாலும் இரண்டு கட்டமாகத்தான் அறுவை. பழைய மூட்டைப் பெயர்க்கையில் சிமென்ட்டோடு எலும்பும் கொஞ்சம் வந்துவிடும். எக்ஸ்-ரேயில் தெரிந்ததைவிடப் பள்ளம் பெரிதாக இருப்பது சாதாரணம். பள்ளத்தின் ஆழம் சுமார் 5 மி.மீ. வரை என்றால் சிமென்ட்டும் ஸ்க்ரூவும் போதும். அதற்கு மேல் உலோகத் துண்டு. உள்ளே குழியே விழுந்திருந்தால், எலும்பு ஊடுருவி வளரும்படி நுண்துளைகள் கொண்ட டான்டலம் அல்லது டைட்டானியக் கூம்பு, அதோடு மஜ்ஜைக் குழாய்க்குள் இறங்கும் தண்டு. “பள்ளம் பெரிதாக இருந்தால் என்ன வைப்பீர்கள், அது கைவசம் இருக்கிறதா, விலை என்ன?” என்று மேஜையில் படுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. அறுவை மேஜையில் பேரம் நடக்காது.

இந்தியாவில் 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை ஆணையம் முழங்கால் உபகரணங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. கோபால்ட் குரோமியத்தில் முதல்முறை மூட்டுக்கு 54,720 ரூபாய், மறு அறுவை மூட்டுக்கு 1,13,950 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பிறகு வரம்பு மாறியிருக்கலாம் என்பதால் அன்றைய விலையைச் சரிபார்க்க வேண்டும். பில்லில் பிராண்ட், தயாரிப்பாளர், பேட்ச் எண் எல்லாம் தனியாக இருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவு. பெட்டியிலிருந்து உரிக்கும் ஸ்டிக்கர் ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டச் சொல்லுங்கள். திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் அந்த எண்தான் பேசும்.

மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கருவிக் கோளாறு என்ற சந்தேகம் இருந்தால், மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கு நோயாளியே புகார் அனுப்பலாம். இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம். கெடு இரண்டு ஆண்டுகள். மூட்டு தோற்றது மட்டுமே அலட்சியத்துக்குச் சாட்சியாகாது. வேறொரு எலும்பு மருத்துவரின் கருத்தையும் பழைய எக்ஸ்-ரேக்களையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்.